ராக்கபில்லியிலும் டூ-வாப்பிலும் புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "எல்விஸின் ஆரம்பகாலப் பாட்டுகளும் 1950களின் குழுப் பாட்டுகளும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்விஸ் பாணி ராக்கபில்லி, குழுக்குரல் பாட்டான டூ-வாப் இரண்டிலும் இன்னும் புதுத் தட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன என்கிறார்களே, அவை வெறும் நகல்தானா? காசு கொடுத்து வாங்கிக் கேட்க ஏதாவது தேறுமா?"

தேறும். எண்ணிக்கையில் கொஞ்சம்தான் தேறும், ஆனால் தேறுவது அருமையாகத் தேறும்.

பெரும்பாலானவை நகல்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அட்டையில் எண்ணெய் பூசி மேலே ஏற்றிச் சீவிய முடி, தூக்கிவிட்ட காலர், கையில் பழங்காலத்து மைக், பின்னால் நீளமான கார். தட்டைச் சுழல விட்டால் நூறு தடவை கேட்ட மெட்டு. உடை வாங்கிய செலவில் பாதியையாவது பாட்டுக்குச் செய்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்தக் கும்பலுக்கு நடுவில், 1956இல் வெளிவந்திருந்தாலும் தலைநிமிர்ந்து நின்றிருக்கக்கூடிய சில தட்டுகள் இருக்கின்றன. எது எந்தப் பக்கம் என்று பிரிக்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். பாட்டுக்குள் ஓர் அறை கேட்கிறதா? நாலைந்து பேர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கிற அறை. அது கேட்டால் மிச்சத்தையும் கேட்பேன். கேட்காவிட்டால் அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்து வைத்துவிடுவேன்.

இது என் தனிப்பட்ட கிறுக்கு இல்லை. இந்த இரண்டு இசையும் பிறந்த விதமே அப்படி.

மெம்ஃபிஸ் நகரில் 706, யூனியன் அவென்யூ. சாம் ஃபிலிப்ஸ் 1950 ஜனவரியில் திறந்த சின்ன ஒலிப்பதிவுக்கூடம். 1954 ஜூலை 5ஆம் தேதி இரவு அங்கே மூன்று பேர்தான் வாசித்தார்கள்: பத்தொன்பது வயது எல்விஸ் பிரெஸ்லி, கிட்டாரில் ஸ்காட்டி மூர், பெரிய தந்தி வாத்தியமான டபுள் பாஸில் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. மெதுவான காதல் பாட்டுகளை முயன்று பார்த்து ஒன்றும் அமையவில்லை. களைத்துப்போய் உட்கார்ந்திருந்த இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாக ஆர்தர் கிரடப்பின் 'தட்ஸ் ஆல் ரைட்' என்ற 1946ஆம் ஆண்டு ப்ளூஸ் பாட்டை எடுத்துத் துள்ளத் தொடங்க, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஃபிலிப்ஸ் டேப்பை ஓடவிட்டார். அந்தத் தட்டின் மறுபக்கத்தில் பில் மன்றோவின் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'. மூன்று எண்ணிக்கைத் தாள நடையில் சாவகாசமாகப் போகும் அந்தப் பாட்டை நாலு எண்ணிக்கையாக மாற்றி விரட்டினார்கள். ஒரு பக்கம் கறுப்பின மக்களின் ப்ளூஸ், மறுபக்கம் வெள்ளைக் கிராமத்தாரின் பாட்டு. ராக் என்பதையும், மலையடிவாரத்துப் பட்டிக்காட்டானைக் கேலியாகக் குறிக்கும் ஹில்பில்லி என்பதையும் சேர்த்துத் தைத்த சொல்தான் ராக்கபில்லி.

டிரம்ஸ் இல்லாத குறை தெரியாமல் போனதற்கு பில் பிளாக் காரணம். டபுள் பாஸின் கம்பியை இழுத்து விடுவார், அது விரல் பலகையில் 'டக்'கென்று மோதும். அது அடங்குவதற்குள் உள்ளங்கை கம்பிகள்மேல் அறையும். ஒரே ஆள் ஸ்வரமும் கொடுத்தார், தாளமும் கொடுத்தார். இன்னொரு காரணம் ஃபிலிப்ஸின் எதிரொலி. ஒரு டேப் இயந்திரத்தில் பதிவாகிக்கொண்டிருக்கும் ஒலியை இரண்டாவது இயந்திரத்துக்கும் அனுப்புவார். அதில் டேப், பதியும் முனையிலிருந்து ஒலிக்கும் முனைக்கு ஓடிச் சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடவோ குறையவோ ஆகும். அந்தத் தாமதத்தோடு திரும்பி வரும் ஒலியை மூல ஒலியோடு கலந்துவிட்டால், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அதன் நிழல் ஒன்று ஓடி வரும். இசைக்காரர்கள் இதை ஸ்லாப்பேக் என்பார்கள். சின்ன அறை பெரிதாகவும் கேட்கும், பாடகர் உங்கள் காதருகே நிற்பது போலவும் இருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில்!

ஜானி கேஷ் அதே இடத்துக்கு வந்தபோது அவரிடமும் டிரம்ஸ் இல்லை. கிட்டார் கம்பிகளுக்கு இடையே ஒரு தாளைச் செருகிக்கொண்டு வாசித்தார். 'சரக் சரக்'கென்று டிரம் மாதிரியே கேட்கும். இல்லாததை இருப்பதை வைத்துச் சமாளித்ததுதான் இந்த இசையின் அழகே.

டூ-வாப்பில் இல்லாமை இன்னும் அதிகம். நியூயார்க், பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளில் இருந்த பையன்களுக்கு வாத்தியம் வாங்க வழியில்லை. இருந்தது தொண்டை. எங்கே எதிரொலி நன்றாக இருக்கிறது என்று தேடிப் போவார்கள்: மாடிப்படிக்கட்டு, சுரங்க ரயில் நிலையம், பள்ளிக்கூடத்துக் கழிப்பறை. முன்னால் ஒருவன் பாடுவான். பின்னால் இரண்டாவது டெனர், பாரிடோன் என்று குரல்கள் படிப்படியாக இறங்கும், அடியில் கனத்த பாஸ் குரல். உச்சியில் ஒருவன், நம் கச்சேரிக்காரர்கள் கள்ளக்குரல் என்று முகம் சுளிக்கும் அந்தப் பொய்க்குரலில், பட்டம் மாதிரி பறப்பான். அர்த்தமில்லாத அசைகள்தான் பின்னணி இசை. கொன்னக்கோல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். 'தகதிமி' மிருதங்கத்தின் வாய்மொழி என்றால், 'பாம்-ப-ப-பாம்' டபுள் பாஸின் வாய்மொழி, 'டூ-வா' ஊதுகுழல்களின் வாய்மொழி. பிட்ஸ்பர்க்கின் மார்செல்ஸ் 1961இல் 'ப்ளூ மூன்' பாட்டை ஆரம்பிக்கும்போது அந்த பாஸ் குரல் செய்யும் அமர்க்களத்தைக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

குழுக்களின் பெயர்களும் வேடிக்கையாக இருக்கும். ஒரு கூட்டம் பறவைகள்: ஓரியோல்ஸ், ரேவன்ஸ், ஃபிளமிங்கோஸ், பெங்குவின்ஸ், ஸ்வாலோஸ், க்ரோஸ். இன்னொரு கூட்டம் கார்கள்: காடிலாக்ஸ், இம்பாலாஸ், எட்செல்ஸ். டூ-வாப் என்ற பெயர் அப்போது இல்லை, அது 1960களில்தான் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் குறிப்பிடும் அந்தக் காலத்துப் பாட்டுகளில் புகழ்பெற்ற 'எர்த் ஏஞ்சல்' பெங்குவின்ஸ் பாடியது. 1954இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் பதிவானது. டிரம்ஸ் சத்தம் குரல்களை விழுங்கிவிடாமல் இருக்கத் தலையணை வைத்து அமுக்கினார்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஃபைவ் சாட்டின்ஸ் பாடிய 'இன் த ஸ்டில் ஆஃப் த நைட்' 1956 பிப்ரவரியில் நியூ ஹேவன் நகரத்து செயின்ட் பெர்னடெட் தேவாலயத்தின் நிலவறையில் பதிவானது. அதை எழுதிப் பாடிய ஃபிரெட் பாரிஸ் அப்போது ராணுவத்தில் இருந்தார். காவல் பணியில் நின்ற ஓர் இரவில் எழுதிய பாட்டு. நல்ல ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள், அந்த நிலவறையின் ஈரம்கூடத் தெரிகிற மாதிரி இருக்கும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கூடங்களில் அது கிடைக்காது.

சரி, புதியவற்றுக்கு வருகிறேன்.

ஒரே ஒரு தட்டுதான் வாங்குவேன் என்றால் ஜே. டி. மெக்ஃபெர்சனின் 'சைன்ஸ் அண்ட் சிக்னிஃபையர்ஸ்' வாங்குங்கள். ஓக்லஹோமாக்காரர், பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர், பங்க் என்ற முரட்டு ராக் இசையும் கேட்டு வளர்ந்தவர். 2010இல் சிகாகோவில் ஜிம்மி சட்டனின் ஹை-ஸ்டைல் நிறுவனத்துக்காகப் பழைய கருவிகளை வைத்து டேப்பில் பதிவு செய்தார்கள். டபுள் பாஸ் வாசித்ததும் சட்டன்தான். 2012இல் ரவுண்டர் நிறுவனம் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் கவனித்தது. முதல் பாட்டான 'நார்த் சைட் கேல்' தொடங்கிய ஐந்தாவது நொடியில் என் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் குரலில் கரகரப்பு இருக்கிறது, ஆனால் வலிந்து வரவழைத்த கரகரப்பு இல்லை. டிரம்ஸ் முன்னால் வந்து மிரட்டாமல் அறையின் மூலையில் நிற்கிறது. சாக்ஸபோன் நுழையும்போது கதவைத் திறந்துகொண்டு ஆள் உள்ளே வருவது போலிருக்கும். கறாராகப் பார்த்தால் இது முழு ராக்கபில்லியும் இல்லை. பாதி ராக்கபில்லி, பாதி நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து ரிதம் அண்ட் ப்ளூஸ். அந்தக் கலப்புதான் இதை நகலாகாமல் காப்பாற்றுகிறது.

அவர் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 2015இல் வந்த 'லெட் த குட் டைம்ஸ் ரோல்' என்ற பெயரைப் பார்த்துப் பழைய பாட்டைத் திரும்பப் பாடியிருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், பெயர் மட்டும்தான் பழையது. 2017இல் வந்த 'அன்டிவைடட் ஹார்ட் அண்ட் சோல்' நாஷ்வில்லின் ஆர்சிஏ ஸ்டுடியோ பி-யில் பதிவானது. எல்விஸ் எத்தனையோ பாட்டுகள் பாடிய அதே கூடம். ஆனால் மெக்ஃபெர்சன் அங்கே போய் எல்விஸ் வேஷம் போடாமல், கிட்டாரைக் கொஞ்சம் அழுக்காக்கிக்கொண்டு வந்தார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. 2018இல் வந்த 'சாக்ஸ்' கிறிஸ்துமஸ் தட்டு. அத்தனையும் புதுப் பாட்டுகள். பரிசாகக் காலுறை கிடைத்த பிள்ளையின் ஏமாற்றம்தான் தலைப்புப் பாட்டு. 2024இல் 'நைட் ஔல்ஸ்'. அதில் கடற்கரைப் பக்கத்து சர்ஃப் கிட்டாரின் நீண்ட அதிர்வு இருக்கிறது. ஐந்து தட்டையும் வரிசையாகக் கேட்டால், பழைய மொழியில் ஒரு மனிதர் புது வாக்கியங்கள் பேசிக்கொண்டே போவதைக் காணலாம்.

அடுத்து லண்டனின் கிட்டி, டெய்ஸி அண்ட் லூயிஸ். உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். பின்னால் கிட்டார் வாசிப்பது அப்பா, டபுள் பாஸ் வாசிப்பது அம்மா. அப்பா தட்டுகளுக்கு இறுதி ஒலி செதுக்கும் பொறியாளர். அம்மா இளமையில் ரெயின்கோட்ஸ் என்ற பங்க் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். இப்படி ஒரு வீட்டில் பிள்ளைகள் வேறு என்ன ஆவார்கள்? 2008இல் வந்த முதல் தட்டில் பெரும்பாலும் பழைய பாட்டுகள்தான். ஆனால் பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் கூத்தடிக்கிற உற்சாகம் அதில் இருக்கிறது. 2011இல் 'ஸ்மோக்கிங் இன் ஹெவன்'. அதில் சொந்தப் பாட்டுகள், நடுவில் ஜமைக்காவின் ஸ்கா தாளமும் வந்து கலந்துகொண்டது. மூன்று பேரும் வாத்தியங்களை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள், இந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் அடுத்ததில் பியானோவில் இருப்பார். மூன்றாவது தட்டுக்காக லண்டன் காம்டன் பகுதியில் மூடிக் கிடந்த ஓர் இந்திய உணவகத்தை எடுத்துப் பழைய முறை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றிக்கொண்டார்கள். மசாலா வாசனை போகும்வரை காத்திருந்தார்களோ என்னவோ, 2015இல் தட்டு வந்தது. தயாரித்தவர் க்ளாஷ் என்ற பங்க் குழுவின் மிக் ஜோன்ஸ்.

டப்ளினின் இமெல்டா மே பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2008இல் வந்த 'லவ் டாட்டூ'வில் 'ஜானி காட் எ பூம் பூம்' என்ற பாட்டைக் கேளுங்கள். அயர்லாந்தின் போத்ரான் என்ற கைப்பறையும் அறைந்து வாசிக்கும் டபுள் பாஸும் சேர்ந்து நடக்கும். மெம்ஃபிஸ் இசையில் தன் ஊரை இப்படித்தான் நுழைக்க வேண்டும், சத்தமில்லாமல். 2010இன் 'மேஹெம்' இன்னும் வேகம். அப்புறம் அவர் 2017இல் பாணியையே மாற்றிக்கொண்டு மெதுவான பாட்டுகளுக்குப் போய்விட்டார். ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். ஒரே சிகை அலங்காரத்தில் ஆயுள் முழுக்க இருக்கச் சொல்ல நாம் யார்?

இந்த இசையைப் பெண்கள் ஆரம்பத்திலிருந்தே பாடியிருக்கிறார்கள் என்பதற்கு வாண்டா ஜாக்சன் ஒருவர் போதும். 1937இல் பிறந்தவர். 1950களிலேயே உறுமிப் பாடியவர். அவருடைய 'ஃபூஜியாமா மாமா' அமெரிக்காவில் எடுபடவில்லை, ஜப்பானில் பெரிய வெற்றி. அணுகுண்டு விழுந்த நகரங்களின் பெயரை வைத்துக் காதல் ஆவேசத்தைச் சொல்லும் பாட்டு அது. அந்த நாட்டில் அது எப்படி ஓடியது என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். அவர் 2011இல் ராக் இசைக்காரர் ஜாக் ஒயிட்டின் தயாரிப்பில் 'த பார்ட்டி எயின்ட் ஓவர்' வெளியிட்டார். எமி வைன்ஹவுஸ் பாட்டு ஒன்றையும் பாடினார். அதில் ஊதுகுழல்களை ஒயிட் கொஞ்சம் அதிகமாகவே ஊதவிட்டுவிட்டார் என்பது என் கருத்து. பாட்டியம்மாவின் குரல் அவற்றையும் மீறி வருகிறது. 2021இல் வந்த 'என்கோர்' எனக்கு இன்னும் நெருக்கம். எண்பத்து மூன்று வயது. பக்கவாதத்துக்குப் பிறகு மேடையை விட்டு விலகியிருந்தவரை அழைத்து ராக் பாடகி ஜோன் ஜெட் தயாரித்தார். குரலில் நடுக்கம் இருக்கிறது. அதை மறைக்க யாரும் முயலவில்லை. நல்லவேளை.

ஸ்ட்ரே கேட்ஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1980இல் லாங் ஐலண்டிலிருந்து லண்டனுக்குப் பிழைக்கப் போய், ராக்கபில்லியைப் புதுத் தலைமுறைக்குத் திறந்துவிட்ட மூவர். 26 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2019இல் '40' என்ற தட்டு கொண்டுவந்தார்கள். பிரையன் செட்ஸரின் கிட்டாருக்காக ஒருமுறை கேட்கலாம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நகல் என்ற சொல்லைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். நகல் இந்த இசையில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. எல்விஸின் முதல் தட்டில் இருந்த இரண்டு பாட்டும் பிறர் பாட்டு. 1954இல் பிராங்ஸ் பகுதியின் கோர்ட்ஸ் குழு 'ஷ்-பூம்' பாடி வெள்ளையர் இசை விற்பனைப் பட்டியலிலும் முதல் பத்துக்குள் ஏறியது. உடனே க்ரூ-கட்ஸ் என்ற கனடாவின் வெள்ளையர் குழு அதையே சலவை செய்து பாடி முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆர்தர் கிரடப் தன் பாட்டுகளுக்கு உரிய பணம் கைக்கு வராமலேயே 1974இல் இறந்தார். பதின்மூன்று வயது ஃபிராங்கி லைமன் டீனேஜர்ஸ் குழுவோடு பாடிய 'வொய் டு ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' 1956இல் உலகைச் சுற்றியது. அதை எழுதியதில் தங்களுக்குப் பங்கு உண்டு என்று குழுவின் ஹெர்மன் சான்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் வழக்குப் போட்டு 1992இல் வென்றார்கள். 1996இல் மேல்முறையீட்டில், காலம் கடந்து வந்தீர்கள் என்று சொல்லி நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. லைமன் இருபத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்திருந்தார். ஆக, பழைய பாட்டைத் திரும்பப் பாடுவது குற்றமில்லை. யாருடைய பாட்டு, காசு யாருக்குப் போனது என்பதுதான் கேள்வி. அந்த வகையில் இன்று சொந்தப் பாட்டு எழுதிச் சின்ன நிறுவனங்களில் வெளியிடுகிறவர்களை ஆதரிப்பதில் எனக்குக் கூடுதல் திருப்தி.

சான்டியாகோ என்ற பெயரைக் கவனித்தீர்களா? டீனேஜர்ஸ் ஐவரில் இருவர் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. லத்தீன் மக்களுக்கும் இந்த இசைக்கும் இருக்கும் உறவு அவ்வளவு பழையது. 1950களில் லாஸ் ஏஞ்சலஸ் நகர எல்லைக்குள் பதின்வயதினர் நடனங்களுக்குக் கெடுபிடி இருந்ததால், எல்லைக்கு வெளியே எல் மான்டே லீஜன் ஸ்டேடியத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மெக்ஸிகோ வம்சாவளியினரும் சேர்ந்து ஆடினார்கள். அங்கே நிகழ்ச்சிகள் நடத்திய வானொலிக்காரர் ஆர்ட் லபோ, 1959இல் 'ஓல்டீஸ் பட் குடீஸ்' என்ற தொகுப்பு வரிசையைத் தொடங்கினார். நாலைந்து வருடத்துப் பாட்டுகளையே பழசு என்று சொல்லி விற்றது இவர் சாமர்த்தியம். 2022இல் 97 வயதில் இறக்கும் வரை வானொலியில் நேயர் விருப்பம் நடத்திக்கொண்டிருந்தார்.

அந்த மண்ணிலிருந்துதான் வைல்ட் ரெக்கார்ட்ஸ் வருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் ரெப் கென்னடி என்ற அயர்லாந்துக்காரர் நடத்தும் சிறு நிறுவனம். பாடுகிறவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்கள். எல்லோரும் ஒன்றாக நின்று வாசிக்க, டேப்பில் பதிவு. முரட்டுச் சத்தம். சில பாட்டுகளில் மைக் திணறுவதே கேட்கும். ஒலி சுத்தமாக இருக்க வேண்டும் என்பவர்கள் தள்ளி நிற்பது நல்லது. எனக்கு அந்தத் திணறல்தான் சுகம். அதே கிழக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தீ சின்சியர்ஸ் குழு 2024இல் வெளியிட்ட 'சின்சியர்லி யுவர்ஸ்' இதற்கு நேர் எதிர். டூ-வாப்புக்குப் பிறகு வந்த இனிப்பான சோல் இசையும் குழுக்குரலும் கலந்தது. வெண்ணெய் மாதிரி.

டூ-வாப்பில் புதிதாக நல்ல தட்டு கிடைப்பது ராக்கபில்லியைவிடக் கஷ்டம். காரணம் சாதாரணமானது. கிட்டாரும் பாஸும் தனித்தனியாகப் பழகி ஒருநாள் சேர்ந்துகொள்ளலாம். நாலு குரல் ஒன்றாக இழைய வேண்டுமென்றால் அந்த நாலு பேர் வருடக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இன்றைக்கு யாருக்கு அந்த நேரம்?

குடும்பத்துக்கு இருக்கிறது. ஸ்டேட்டன் ஐலண்டின் பில் ஷால்டா இளமையில் தெருமுனைக் குழுப் பாட்டுக் காலத்தில் பாடியவர். தன் மூன்று மகன்களோடு சேர்ந்து ஷா லா டாஸ் என்ற பெயரில் 2018இல் 'லவ் இன் த விண்ட்' வெளியிட்டார். வெளியிட்டது டாப்டோன் இசை நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த டன்ஹாம். தாமஸ் பிரென்னெக் தயாரிப்பு. அதற்குமுன் இவர்கள் சோல் பாடகர் சார்லஸ் பிராட்லியின் தட்டில் பின்னணிக் குரல் கொடுத்தவர்கள். அப்பாவின் குரலுக்குப் பின்னால் மகன்களின் குரல்கள் வந்து சேரும் இடங்களில், எந்தக் குரல் எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரத்த சம்பந்தக் குரல்களுக்கே உரிய ஒட்டுதல் அது. டூ-வாப்பின் அந்தப் பழைய நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) சுழற்சி, அதாவது சி, ஏ மைனர், எஃப், ஜி என்று வந்து மறுபடி சி-யில் விழும் அந்த வட்டம், இதில் அப்படியே நிற்பதில்லை. ஒரு அடி விலகும், நம்மை லேசாகத் தவிக்கவிடும், பிறகு வீடு திரும்பும். புது டூ-வாப்பில் இதற்கு மேல் ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை.

இன்னொன்று ஷானன் அண்ட் த க்ளாம்ஸ், ஓக்லண்ட் குழு. ஷானன் ஷாவின் குரல் கடலோரத்து அபாய மணி மாதிரி. பங்க் கிளப்புகளில் வளர்ந்த டூ-வாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் 'இயர் ஆஃப் த ஸ்பைடர்', டான் ஆவர்பாக் தயாரிப்பு. ஆனால் நான் சொல்ல வந்தது 2024இல் வந்த 'த மூன் இஸ் இன் த ராங் ப்ளேஸ்'. ஷானன் மணக்கவிருந்தவர் 2022இல் வாகன விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்திலிருந்து வந்த தட்டு. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் காதலன் காரில் அடிபட்டுச் சாகும் பாட்டுகள் ஒரு தனி மோஸ்தராகவே ஓடின. பதின்வயதுக் கண்ணீருக்காகத் தயாரித்த சரக்கு. அதே இசை மொழியில் ஒருத்தி நிஜமாகவே அழுகிறாள், அழுதுகொண்டே ஆடவும் வைக்கிறாள். பழைய வடிவம் ஏன் இன்னும் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்தத் தட்டைத்தான் நீட்டுவேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பழைய பாட்டுகளை இணையத்தில் கேட்கிறீர்கள் என்றால் பதிவான ஆண்டைப் பாருங்கள். 1950களின் பாடகர்கள் பலர் பிற்காலத்தில் தங்கள் பாட்டுகளையே மறுபடி பாடிப் பதிந்திருக்கிறார்கள். பெயரும் அட்டையும் பழசு போலவே இருக்கும், உள்ளே உயிர் இருக்காது. 1960களில் ஒற்றை ஒலிப் பதிவுகளைப் பிளந்து போலி ஸ்டீரியோ ஆக்கிய தட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். மோனோ என்று போட்டிருந்தால் அதுவே நல்லது. பழையவற்றுக்கு ஜெர்மனியின் பேர் ஃபேமிலி, லண்டனின் ஏஸ் ஆகிய நிறுவனங்களின் தொகுப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பேர் ஃபேமிலி பெட்டிகளின் விலையைப் பார்க்கும்போது மட்டும் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள்.

புதுக் குழுக்கள் பலவும் இன்னும் நிமிடத்துக்கு 45 தடவை சுழலும் ஏழு அங்குலத் தட்டுகள் வெளியிடுகின்றன. இந்த இசைக்கு அதுதான் பொருத்தம்: பக்கத்துக்கு ஒரு பாட்டு, இரண்டரை நிமிடம், எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். ஆனால் அமெரிக்க 45களின் நடுத்துளை ஒன்றரை அங்குலம். சாதாரண பிளேயரின் முளையில் நிற்காது, நடுவில் வைக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை வேண்டும். முதல் 45ஐ வாங்கி வந்த அன்று எனக்கு இது தெரியாது. பொறுக்க மாட்டாமல் பிஸ்கட் பெட்டி அட்டையை வட்டமாக வெட்டிச் செருகி ஓட்டினேன். துளை நடுவில் அமையாமல் தட்டு தள்ளாடியது. பாட்டு மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக, நாலு பையன்கள் அலையில் ஆடும் படகில் நின்று பாடுவது மாதிரி கேட்டது. வில்லை வாங்கிய பிறகுதான் அவர்கள் தெருமுனையில் நின்று பாடுகிறார்கள் என்று தெரிந்தது.